முப்பத்து நான்காம் நாள்

அக்டோபர் 3

இன்று முதல் களப்பணி. பையில் முந்நூறு அட்டைகள், தொங்கு தராசு, நிரப்ப வேண்டிய பாரங்கள். ஆபீஸுக்கு எழுதும் நோட்டு வேறு. இது எனக்கு.

அட்டையில் ஒன்பது கட்டங்கள். பச்சைக் குழந்தையின் மலம் எந்தெந்த நிறத்தில் இருக்கலாம் என்று படமாக அச்சிட்டிருக்கிறார்கள். மேல் வரிசையில் வெள்ளை, சாம்பல், வெளிர்மஞ்சள். அதில் ஒன்று தென்பட்டால் தாய் உடனே எங்களுக்குப் போன் செய்ய வேண்டும். பித்தம் குடலுக்கு இறங்காத குழந்தைக்குத்தான் மலம் அப்படி வெளுக்கும். பித்தநாளம் அடைபட்டு ஈரல் கெட ஆரம்பித்திருக்கும். பல ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. அறுபது நாளுக்குள் அறுவை செய்தால் வழி உண்டு, தொண்ணூறைத் தொட்டுவிட்டால் கஷ்டம் என்கிறார் எங்கள் தலைமை டாக்டர் பத்மாசனி. இந்த ஆராய்ச்சிக்காக நாலு வருஷம் அலைந்து அனுமதி வாங்கியவர்.

அட்டை கொடுத்தால் குழந்தைகள் சீக்கிரம் வந்து சேர்கிறார்களா என்பதுதான் கேள்வி. அதனால் ஆறு ஒன்றியங்களில் அட்டை உண்டு, ஆறில் இல்லை. இரண்டு இடத்திலும் பிறந்த குழந்தைகளைப் பதிவு செய்ய வேண்டும். மேற்பார்வையாளர் ஜெபராஜ் சார் கிளம்பும்போது இன்னொரு தடவை சொன்னார்.

"அட்டை இல்லாத ஊர்ல பிறந்த தேதி, எடை, தடுப்பூசி. அவ்வளவுதான். நிறத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊர் பூராப் பரவிடும். அப்புறம் ஆராய்ச்சியே வீணாப்போயிரும் கயல்."

என் முழுப் பெயர் அங்கயற்கண்ணி. அதை யாரும் கூப்பிடுவதில்லை.

அக்டோபர் 9

பதினோரு வீடு. ஸ்கூட்டர் பின் டயர் பஞ்சர். மகள் ஓவியாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்கவேண்டும். மறக்கக் கூடாது.

அக்டோபர் 18

நெடுமரத்துப்பட்டி. அட்டை இல்லாத ஊர். இரண்டு குழந்தைகள். இரண்டாவது வீட்டில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. பெண் குழந்தை, முப்பத்து நான்கு நாள், எடை மூன்று கிலோ அறுநூறு. தடுப்பூசி சரி. அந்தப் பெண் காபி போட்டுக் கொடுத்தாள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததால் வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. மழை விட்டதும் கிளம்பினேன்.

வீட்டுக்கு வரும்போது தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது. என் வீட்டுக்காரர் துடைத்து வைத்திருந்தார்.

அக்டோபர் 19

தலைவலி. மழையில் நனைந்ததுதான்.

அக்டோபர் 27

அட்டை ஒன்றியத்திலிருந்து முதல் போன். இருபத்தொன்பது நாள் குழந்தை. வெளிர்மஞ்சள் கட்டத்தைச் சொல்லி, "இதேதான் சிஸ்டர்" என்று தாய் அழுதிருக்கிறாள். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சந்தேகத்தை உறுதி செய்தன. நவம்பர் 8 அன்று அறுவை. ஆபீஸில் எல்லோருக்கும் ஜிலேபி வந்தது. டாக்டர் பத்மாசனி அந்த அட்டையை வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என் பங்கைக் காகிதத்தில் சுற்றி ஓவியாவுக்கு எடுத்துவந்தேன்.

நவம்பர் 6

நெடுமரத்துப்பட்டிக்கு அடுத்த ஊரில் வேலை. நேர்ச் சாலை மோசம் என்றார்கள். சுற்றிக்கொண்டு போனேன். ஏழு கிலோமீட்டர் கூடுதல்.

நவம்பர் 13

அறுபது.

நவம்பர் 22

சமையல் கேஸுக்குப் பதிவு செய்தேன். அப்பாவுக்குக் கண் சொட்டு மருந்து கூரியரில் அனுப்பினேன். இந்த வாரம் நாற்பத்தாறு பதிவுகள். நான்தான் முதலிடம் என்று ஜெபராஜ் சார் சொன்னார்.

டிசம்பர் 4

வார்டில் புது நோயாளி. தன்ஷிகா, எண்பத்தோரு நாள், ஊர் நெடுமரத்துப்பட்டி. கண்ணும் தோலும் நல்ல மஞ்சள். வயிறு உப்பி, ஈரல் கையில் கல்லாகத் தட்டுகிறது. தாய் பிருந்தா, வயது இருபத்து மூன்று. தகப்பன் காளிராஜ், தண்ணீர் லாரி ஓட்டுகிறார். காலை வெயிலில் காட்டியிருக்கிறார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் இங்கே வந்திருக்கிறார்கள்.

ஆராய்ச்சிப் பாரத்தின் கேள்விகளைக் கேட்டு நிரப்புவது என் வேலை. தாய்க்கு நான் அந்நியம் இல்லை போலிருந்தது. முகம் எங்கோ பார்த்த மாதிரி. தினம் பத்து வீடு ஏறுகிறேன்.

பதினாலாவது கேள்வி: மலத்தின் நிறம் மாறியதை முதலில் எப்போது கவனித்தீர்கள்?

"பொறந்து ஒரு மாசம் இருக்கும்."

பதினைந்து: அதை முதலில் யாரிடம் சொன்னீர்கள்?

"வீட்டுக்கு வந்த ஒரு நர்சம்மாகிட்ட."

பதினாறு: அவர் என்ன சொன்னார்?

"ஒண்ணுமில்ல, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் போகும்னாங்க."

எழுதிக்கொண்டேன். அவள் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கையெழுத்து வாங்கினேன்.

டிசம்பர் 5

லீவு போட்டேன். அலமாரியைச் சுத்தம் செய்தேன். ஓவியாவின் பழைய துணிகளை மூட்டை கட்டினேன். "உடம்பு சரியில்லையா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

டிசம்பர் 6

அக்டோபர் 18 அன்று நான் எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

குழந்தையை எடை போடத் துணியை அவிழ்த்தபோது அது மலம் கழித்திருந்தது. சுண்ணாம்பில் லேசாக மஞ்சள் கலந்த நிறம். வெளிச்சம் போதவில்லை என்று எழுதியிருக்கிறேன். வெளிச்சம் போதுமான அளவுக்கு இருந்தது. பிருந்தா துணியை என்னிடம் நீட்டி, "அக்கா, பத்து நாளா இப்படித்தான் போறா. இது சரியா?" என்று கேட்டாள். என் பையில் முந்நூறு அட்டைகளில் மிச்சம் எழுபது இருந்தன. பையின் ஜிப்பைப் பிடித்தபடியே நான் சொன்னேன்: "ஒண்ணுமில்லம்மா. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் போகும். காலை வெயில்ல காட்டு."

அட்டையைக் காட்டாதே என்றுதான் எனக்கு உத்தரவு. ஒண்ணுமில்லை என்று சொல்லச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. அந்த வார்த்தை என்னுடையது.

வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள், தடுப்பூசி போடப் போகும் இடத்தில் டாக்டர் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டேன். நாள் எண்ணிக்கொண்டும் இருந்தேன்.

காலையில் ஜெபராஜ் சாரிடம் முதலில் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

"உங்க பாரத்துல நிறத்துக்குக் கட்டமே கிடையாது. அப்புறம் எப்படி உங்க தப்பாகும்? அந்தப் பொண்ணு உங்க பேரையும் சொல்லல. விட்டுருங்க கயல். நாலு வருஷ வேலை."

அவர் கெட்டவர் இல்லை.

அங்கிருந்து டாக்டர் பத்மாசனியின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கணினியில் ஆராய்ச்சி விதிமுறையைத் திறந்து பக்கம் பக்கமாகத் தள்ளி, ஒரு இடத்தில் நிறுத்தினார். எந்தப் பகுதியானாலும், நோயுற்ற குழந்தையைக் கண்டால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரே ஒரு வரி.

"இதை நான்தான் எழுதினேன். பயிற்சியில சொன்னேனா?"

"இல்ல மேடம்."

"சொல்லல." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க தப்பு உங்களுக்கு. என் தப்பு எனக்கு. ரெண்டையும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதிடறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட சொல்லணும். ஆபரேஷனுக்கு முன்னாடி."

"சொல்றேன் மேடம்."

"நானும் வர்றேன்."

"வேண்டாம் மேடம். நானே சொல்றேன்."

டிசம்பர் 8

பிருந்தா வார்டுக்கு வெளியே குழாயடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. நான் ஆரம்பித்தேன். மழை, எடை, அவள் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், பையில் இருந்த அட்டை. ஒன்றையும் விடவில்லை. அவள் குழாயை மூடினாள்.

"தெரியும்க்கா. நீங்க வார்டுக்குள்ள வந்ததுமே தெரியும்."

"அப்ப ஏன் பேரு சொல்லல?"

"பாரத்துல எழுதுறீங்களா, இல்ல மாத்தி எழுதுறீங்களான்னு பாத்தேன். நான் சொன்னதைத்தான் எழுதுனீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள்.

"அதுக்கெல்லாம் எனக்கு இப்ப தெம்பில்லக்கா. நாளைக்கு உள்ள கொண்டுபோறாங்களே, எத்தனை மணிநேரம் ஆகும்? கடைசிப் பால் எப்பக் கொடுக்கணும்? அதைச் சொல்லுங்க."

சொன்னேன்.

காளிராஜுக்கு அவளே சொல்லியிருக்கிறாள். சாயந்திரம் அவர் என்னைத் தாழ்வாரத்தில் கடந்து போனார். பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

டிசம்பர் 9

அறுவை ஐந்தரை மணி நேரம். அடைபட்ட நாளத்தை அகற்றி, குடலை ஈரலோடு நேரே இணைத்திருக்கிறார்கள். எண்பத்தாறாவது நாள். ஈரலில் தழும்பு அதிகம் என்று சர்ஜன் சொன்னார்.

டிசம்பர் 21

மலத்தில் லேசாக நிறம் வந்திருக்கிறது. பிருந்தா போனில் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஒரு வார்த்தையும் இல்லை. டாக்டரிடம் காட்டினேன். "பார்க்கலாம்" என்றார்.

ஜனவரி 11

நெறிமுறைக் குழு. நீள மேஜை, ஒன்பது பேர். வெளியாட்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நூலகர். அவர்தான் என்னிடம் கேட்டார்.

"அட்டை இல்லாத ஊர்ல ஒரு தாய் தானா வந்து கேட்டா என்ன சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்களாம்மா?"

"இல்லை சார்."

"சொல்லிக்கொடுத்திருந்தா சரியாச் சொல்லியிருப்பீங்களா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"தெரியல சார். எனக்கு வேலைதான் முக்கியமாத் தெரிஞ்சது அன்னைக்கு."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு கணக்கு எடுத்தார்கள். அட்டை ஒன்றியங்களில் நோய் கண்டு வந்தவர்கள் மூன்று பேர், அறுவை நடந்தது நாற்பத்தொன்று, நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டாம் நாட்களில். மற்ற ஒன்றியங்களில் இரண்டு பேர். எண்பத்தாறில் தன்ஷிகா. இன்னொன்று நூற்றுப் பன்னிரண்டில் வந்தது, அறுவை செய்யவே முடியவில்லை. இந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, நிறுத்தினால் ஆராய்ச்சி அரைகுறையாகிவிடும் என்றார் புள்ளியியல்காரர். அவர் சொன்னது உண்மை. டாக்டர் பத்மாசனி எழுந்து, "போதாதுன்னு கட்டுரையில நானே எழுதிடறேன். என்னால இனிமே அட்டையைப் பையில வச்சுக்கிட்டுப் பாதி ஊருக்குக் கொடுக்காம இருக்கச் சொல்ல முடியாது" என்றார்.

பன்னிரண்டு ஒன்றியங்களுக்கும் அட்டை என்று முடிவாயிற்று. எனக்கு மூன்று மாதம் களப்பணி இல்லை, ஆபீஸ் வேலை மட்டும். நியாயம்தான்.

பிப்ரவரி 17

இன்று முழுவதும் அட்டைகளை நூறு நூறாகக் கட்டி, ஊர்ப் பெயர் எழுதினேன். மதியம் பிருந்தா போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு. இந்த அறுவை நடந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்பச் சொன்னேன். காளிராஜ் லாரியை எங்கோ விட்டுவிட்டுக் காரில் கொண்டுவந்தார். பித்தக்குழாயில் கிருமித் தொற்று. பதினான்கு நாள் ஊசி.

மார்ச் 8

மலம் மறுபடியும் வெளுத்துவிட்டது. அறுவை பலிக்கவில்லை. ஈரல் மாற்று ஒன்றுதான் வழி, குழந்தை ஆறு கிலோவாவது வந்தால் நல்லது என்றார் டாக்டர். இப்போது ஐந்து.

தாயோ தகப்பனோ தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம். பிருந்தாவின் ரத்த வகை சேரவில்லை. காளிராஜுக்குச் சேருகிறது. ஆனால் அவர் ஈரலில் கொழுப்பு. எடை குறைக்க வேண்டும், குடியை அடியோடு நிறுத்த வேண்டும்.

"எவ்வளவு குறைக்கணும்?" என்று அவர் என்னிடம் கேட்டார். அவர் என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"பன்னிரண்டு கிலோவாவது."

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2

மூக்குக் குழாய் வழியாகக் குழந்தைக்குப் பால் கொடுக்கப் பிருந்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது தடவையிலேயே என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். தன்ஷிகா என் ஐடி கார்டு கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பிருந்தாதான் விரல் விரலாகப் பிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 30

காளிராஜ் எட்டு கிலோ குறைந்திருக்கிறார். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. மதியம் மோரும் வெள்ளரிக்காயும் மட்டும்தானாம். லாரி ஸ்டாண்டில் எல்லோரும் கேலி செய்கிறார்களாம். பிருந்தா சொல்லும்போது சிரித்தாள். இத்தனை மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

மே 26

சென்னையில் தேதி கொடுத்துவிட்டார்கள். ஜூன் 24. ஸ்கேனில் காளிராஜின் ஈரல் சரியாக இருக்கிறது. ரயில் டிக்கெட்டுக்கு நான் வரிசையில் நின்றேன். ஓவியாவுக்குப் பத்தாம் வகுப்புப் புத்தகங்களும் வாங்கிவந்தேன்.

ஜூன் 11

தன்ஷிகா இன்று காலை பதினொன்றரைக்கு இறந்துபோனாள். எட்டு மாதம் இருபத்தெட்டு நாள். விடிகாலையில் ரத்த வாந்தி. வழியிலேயே பாதி ரத்தம் போய்விட்டது. டாக்டர் பத்மாசனி அவசரப் பிரிவில் கடைசிவரை நின்றார்.

ஜூன் 12

நெடுமரத்துப்பட்டிக்குப் போனேன். போகக் கூடாது என்று வீட்டில் அவர் சொன்னார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று போனேன்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். காளிராஜ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பதிமூணு கிலோ குறைச்சேன் மேடம். அவங்க கேட்டதுக்கு ஒண்ணு கூடுதலாவே."

"ஆமாங்க. தெரியும்."

"இப்ப இந்த உடம்பை வச்சு என்ன பண்றது?"

பிருந்தா உள்ளே படுத்திருந்தாள். நான் வந்தது தெரியும் என்று சொல்லச் சொன்னாளாம். எழுந்து வரவில்லை.

ஜூன் 13

பாரத்தின் கடைசிப் பக்கம். முடிவு: மரணம். நிரப்பினேன். கையெழுத்து போட்டேன்.

ஜூலை 19

நெடுமரத்துப்பட்டி உட்பட எட்டு ஊர்களுக்கு அட்டை கொடுத்தாயிற்று. ஸ்கூட்டருக்குப் புது பேட்டரி.

ஆகஸ்ட் 8

மாவட்டத்துக் கிராமச் செவிலியர்கள் அறுபது பேருக்கு இந்த மாதம் பயிற்சி. பிருந்தாவை வந்து பேச அழைக்கலாமா என்று டாக்டர் யோசித்தார். நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவரே போன் செய்தார். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம்.

ஆகஸ்ட் 22

பிருந்தா வந்தாள். காளிராஜ் வாசலில் இறக்கிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

நான் கடைசி வரிசையில் அட்டைக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். ஜெபராஜ் சார் மைக்கைக் கொடுத்தார். வேண்டாம் என்று ஓரமாக வைத்துவிட்டு, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பேசினாள். குரல் கடைசிவரை வந்தது.

"எம்புள்ளை பேரு தன்ஷிகா. பொறந்து இருபத்தஞ்சு நாள்ல வெளுப்பாப் போக ஆரம்பிச்சா. எனக்கு மொதப் பிள்ளை. எது சரி, எது தப்புன்னு தெரியாது. முப்பத்தி நாலாம் நாளு ஒரு நர்சம்மா எடை போட வந்தாங்க. துணியைக் காட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னாங்க."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பெயரும் சொல்லவில்லை. எனக்கு முந்தின வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "எந்த ஊரு நர்சு அது, இப்படி இருக்கா?" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

எழுந்து நின்றேன். மடியிலிருந்த அட்டைக் கட்டு ஒன்று கீழே விழுந்தது. அறுபது பேரும் திரும்பினார்கள்.

"அது நான்தான்" என்றேன். "பையில அட்டை இருந்தது. பாத்ததும் எனக்குத் தெரிஞ்சது. தெரிஞ்சும் அப்படிச் சொன்னேன்."

ஜெபராஜ் சார் தலையைக் குனிந்துகொண்டார். பிருந்தா என்னைப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் புரியவில்லை.

"உக்காருங்கக்கா" என்றாள். "மிச்சத்தை நான் சொல்லிடறேன்."

உட்கார்ந்தேன். அவள் சொன்ன மிச்சம் எனக்கே தெரியாதது. எங்கள் பாரத்தில் அதற்குக் கேள்வி இல்லை.

"அதுவரைக்கும் தினம் பயந்துக்கிட்டே இருந்தேன். மறுநாள் காலையில டவுனுக்குப் போய் டாக்டரைப் பாக்கணும்னு துணிமணியெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். பஸ் நேரம்கூடக் கேட்டு வச்சிருந்தேன். அவங்க ஒண்ணுமில்லன்னு சொன்னதும் எடுத்து வச்சதைத் திருப்பி உள்ள வச்சிட்டேன். பிள்ளை பெத்ததுலருந்து அன்னைக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

தண்ணீர் கொடுக்கப்போன டாக்டரைக் கையால் தடுத்தாள்.

"உங்ககிட்ட யாராவது வந்து கேட்டா, தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சொல்லக் கூடாதுன்னு உத்தரவு இருந்தா, சொல்லக் கூடாதாம், வேற யாருகிட்டயாவது போய்க் கேளுன்னாவது சொல்லுங்க. நான் பஸ் ஏறியிருப்பேன்."

அறுபது பேரும் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன்.